சம்பந்தியம்மாவுக்கு எந்த பீர்?

குழாயை எந்தக் கோணத்தில் திறப்பது, நுரை எவ்வளவு உயரம் நிற்க வேண்டும், கிளாஸை எப்படிக் கழுவுவது என்பதெல்லாம், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் அந்தப் பக்கம் போகப் போவதில்லை. நான் சொல்லப்போவது ஒரே ஒரு கேள்வியைப் பற்றி. சித்தூர் பைபாஸில் இருக்கும் நம் ஓட்டலுக்குள் ஒருவர் வருகிறார். கரும்பலகையில் எழுதியிருக்கும் பீர்களின் பெயர்களை மேலிருந்து கீழ்வரை படிக்கிறார். எதுவும் விளங்கவில்லை. மறுபடியும் கீழிருந்து மேலே படிக்கிறார். பிறகு உங்களைப் பார்த்து, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்கிறார்: "நான் இதுவரைக்கும் பீர் குடிச்சதில்ல. எனக்கு எது நல்லா இருக்கும்?"

இந்தத் தொழிலில் இதைவிடச் சந்தோஷமான கேள்வி வேறு கிடையாது. பெங்களூரில் பல ஆண்டுகள், அப்புறம் இங்கே சில ஆண்டுகள், இந்தக் கேள்வியைக் கேட்டபோதெல்லாம் எனக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது. ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் இப்போதும், எதிர் வீட்டுக்காரர் "எந்தக் கம்பெனி பெயிண்ட் நல்லா இருக்கும்?" என்று கேட்டால்கூட எழுந்து நின்றுவிடுகிறேன்.

புதிதாகக் குடிப்பவருக்குக் கோதுமை பீர் கொடு என்பது பெங்களூரில் நான் கற்றது. கசப்பு குறைவு, மங்கலான வெளிர் மஞ்சள், பழுத்த வாழைப்பழ வாசனை, அதன் அடியில் கொஞ்சம் கிராம்பு. யாருக்குத்தான் பிடிக்காது என்று நினைத்திருந்தேன். இங்கே வந்த புதிதில் திருப்பதியிலிருந்து ஒரு வங்கி அதிகாரி வந்தார். திருப்பதிக்காரர்கள் தங்கள் முதல் பீரைக் குடிக்கச் சித்தூர்வரை ஏன் வருகிறார்கள் என்று உங்களுக்குப் போகப் போகத் தெரியும். அங்கே எந்தத் தெருவில் நின்றாலும் யாராவது ஒரு மாமா பார்த்துவிடுவார். அந்த அதிகாரிக்குக் கோதுமை பீரை ஊற்றிக் கொடுத்தேன். அவர் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். வலது கையில் இருந்த கிளாஸுக்கு அடியில் இடது கையைக் கொடுத்தார். கீழே பார்த்தால், அவர் கால்கள் தாமாகவே செருப்பைவிட்டு வெளியே வந்திருந்தன.

"சார், இது பஞ்சாமிர்த வாசனை. இதக் குடிச்சிட்டு நான் எப்படி வீட்டுக்குப் போவேன்?" என்றார்.

உலகம் முழுக்கச் சுலபமான பீர் திருப்பதிக்காரருக்குப் பிரசாதமாக இருந்தது. நான் அந்தக் கிளாஸை எடுத்துக்கொண்டு போய், எல்லாரும் கடைசியில் குடித்துப் பார்க்கும் கறுப்பு பீரைக் கொண்டுவந்தேன். வறுத்த தானியத்தில் செய்வது. டிகாக்ஷன் வாசனை அடிக்கும். அவர் ஒரு வாய் குடித்தார். செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். பாதிக் கிளாஸ் ஆனபோது, டவரா கிடைக்குமா என்று கேட்டார். கொடுத்தேன். ஆற்றி ஆற்றிக் குடித்தார். கேஸ் எல்லாம் போய்விடும் என்று சொல்ல வாயைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு புதிதாக வருபவர்களிடம் நான் பீரைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டேன். மோர் எவ்வளவு புளித்தால் உங்களுக்குப் பிடிக்கும்? காபிக்குச் சர்க்கரை உண்டா? பாகற்காயை வெல்லம் போட்டுச் சமைப்பீர்களா, போடாமலா? ஊறுகாயில் எலுமிச்சையா, மாங்காயா? வெல்லம் போடாத பாகற்காய்க்காரரை நேராகக் கசப்பு பீருக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். சர்க்கரை இல்லாத காபிக்காரருக்குக் கறுப்பு. ஊறுகாய் என்றதும் கண் விரிகிறவருக்குப் புளிப்பு. ஒருவர் சாப்பாட்டைப் பற்றிப் பேசும் முகத்தைப் பார்த்தாலே அவருடைய கிளாஸ் எது என்று தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், சரோஜம்மா வரும்வரை.

திலகாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தொட்டிகளுக்கு நடுவே நிற்பவள். நாம் ஊற்றிக்கொடுக்கும் பீர் அத்தனையும் அவள் கைப்பக்குவம்தான். நகரியில் பிறந்தவள். அவள் அப்பா பவர்லூம் வைத்திருக்கிறார். திருப்பதியில் படித்தாள். கூடப் படித்த பிரபுவுக்கு ஊர் பாலசமுத்திரம். அவன் படித்துவிட்டுத் திருப்பதியிலேயே ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இருவரும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். ஜாதகம் பொருந்தியது. அவள் அப்பா சரி என்றார். பிரபுவின் அம்மா சரோஜம்மாதான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கணவர் போனபிறகு தனியாளாக நின்று மகனைப் படிக்கவைத்தவர். அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் முடிவு.

சரோஜம்மாவின் தம்பி முனிரத்தினம், அதாவது மாப்பிள்ளையின் தாய்மாமன், முன்பே ஒரு வார்த்தையைப் போட்டுவைத்திருந்தார். பீர் காய்ச்சும் பெண் நம் வீட்டுக்கு வேண்டாம், இல்லை என்றால் வேலையை விட்டுவிட்டு வரட்டும் என்று. திலகா இதை என்னிடம் சொன்னபோது ஒரு தொட்டிக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குரல் தகரத்துக்குள்ளிருந்து வந்தது. பிரபுவையும் விடுவதாக இல்லை, தொட்டியையும் விடுவதாக இல்லை என்றாள். அவள் போய்விட்டால் நம்மிடம் மிச்சமிருப்பது கரும்பலகை மட்டும்தான் என்று எனக்குத் தெரியும்.

மாம்பழ சீசன். காலையில் சரோஜம்மாவும் முனிரத்தினமும் நகரிக்குப் போய்ப் பெண் வீட்டைப் பார்த்துவிட்டு, "பொண்ணு வேலை செய்ற எடத்தயும் பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவோம்" என்று கிளம்பிவிட்டார்கள். திலகாவின் அப்பா எனக்குப் போன் செய்தார். "சார், வாடகைக் கார்ல வந்துக்கினு கீறாங்க. இங்க ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல சார். பாத்துக்குங்க."

இதைக் கேட்டதும் நான் செய்தது என்ன தெரியுமா? சமையற்கட்டுக்குள் ஓடி, பசியோடு இருவர் வருகிறார்கள், வேர்க்கடலை மசாலா, வெங்காயப் பக்கோடா, சிக்கன் வறுவல் எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று சொன்னேன். பல ஆண்டுகள் ஓட்டலில் இருந்தவன் காதுக்குத் தண்ணீர் குடிக்காதவர் என்றால் தாகத்தோடு இருப்பவர். அதற்கு மேல் அது யோசிக்காது.

அவர்கள் வந்து சேர்ந்தபோது உச்சிவெயில் சாய்ந்திருந்தது. சரோஜம்மா குள்ளம், நேரான முதுகு, அரக்குச் சேலை. உள்ளே வந்ததும் முதலில் தரையைப் பார்த்தார், பிறகு கூரையை, அப்புறம் என்னை. முனிரத்தினம் உயரம், பெரிய மீசை. வேலையை விட்டுவிட வேண்டும் என்று சொல்வதற்காகவே சலவை செய்து போட்டதைப் போன்ற வெள்ளைச் சட்டை, வழியிலேயே முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் கண் குழாய் வரிசையைத் தொட்டது. அங்கேயே நின்றுவிட்டது.

"ஸ்ட்ராங் பீர் கீதா?" என்று மெதுவாக என்னைக் கேட்டார்.

அக்கா திரும்பிப் பார்த்தார். முனிரத்தினம் ஏசியை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்.

கண்ணாடிச் சுவரை ஒட்டிய மேசையில் உட்காரவைத்தேன். சின்னச் சின்ன ருசிக் கிளாஸ்களில் எல்லா பீரையும் வரிசையாக, வெளிர் நிறத்திலிருந்து கறுப்புவரை, அடுக்கிக் கொண்டுவந்து இருவருக்கும் முன்னால் வைத்தேன். தண்ணீர் பாட்டில், வேர்க்கடலை, பக்கோடா. மேசை நிறைந்துவிட்டது. "இதையெல்லாம் திலகாதான் செய்கிறாள்" என்று பெருமையோடு சொன்னேன். சரோஜம்மா ஒவ்வொரு கிளாஸாகப் பார்த்தார். நிறம் எப்படி வருகிறது என்று கேட்டார். சொன்னேன். எத்தனை நாள் புளிக்கவைப்பீர்கள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். கிளாஸைத் தொடவில்லை.

பயப்படுகிறார் என்று முடிவுகட்டினேன். எனக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது. என் கேள்விகளை எடுத்தேன். காபி குடிப்பதில்லை என்றார். பாகற்காய் வெல்லம் இல்லாமல். ஊறுகாய் மாங்காய்தான், அவர்கள் நிலத்திலேயே மரம் இருக்கிறது. வெயிலுக்கு என்ன குடிப்பீர்கள் என்று கேட்டதும் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"கூழுதான். மொத நாள் கூழு இல்ல, ரெண்டா நாள் கூழு. அதுல மோர ஊத்தி, ஒரு கல்லு உப்பு போட்டு, வெங்காயத்தக் கடிச்சிக்கினு குடிச்சா, சாயங்காலம் வரைக்கும் வெயிலே தெரியாது."

எனக்கு எழுந்து ஆடலாம்போல இருந்தது. புளிப்பு, உப்பு. நம்மிடம் அப்படியே ஒரு பீர் இருக்கிறது; உப்பும் தனியாவும் போட்டுப் புளிக்கவைத்தது; நாம் நமக்குள் மோர் பீர் என்று சொல்வது. ஓடிப்போய் ஒரு முழுக் கிளாஸ் கொண்டுவந்தேன். "அம்மா, இது அப்படியே மோர் மாதிரிதான் இருக்கும். உங்களுக்காகவே செய்ததுபோல" என்று வைத்தேன். சரோஜம்மா குனிந்து முகர்ந்தார். சிரித்தார். "ஆமா, அதே வாசனதான்" என்றார். கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து திலகா என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் குறுக்காகப் போட்டு ஆட்டினாள். அந்த பீர் சரியில்லை என்கிறாள் என்று புரிந்துகொண்டேன். உடனே வேறொன்றை ஊற்றி வந்தேன். அவள் உள்ளங்கையால் கீழ்நோக்கித் தள்ளித் தள்ளிக் காட்டினாள். இன்னும் நிறைய ஊற்றச் சொல்கிறாள் என்று நினைத்துப் பெரிய கிளாஸில் ஊற்றி வந்தேன். அவள் நெற்றியைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். என் வேகத்தைப் பார்த்து அசந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

இதற்குள் முனிரத்தினத்தின் நிலைமை மோசமாகிவிட்டது. அவர் முன்னால் இருந்த கிளாஸின் வெளிப்புறத்தில் குளிர்ச்சியால் நீர் துளித்துத் துளித்து வழிந்துகொண்டிருந்தது. அவர் அந்தத் துளிகளைக் கண்ணால் கீழே கொண்டுபோய் விட்டுவிட்டு, அடுத்த துளிக்கு மேலே வந்தார். தொண்டை மேலும் கீழும் போய்வந்தது. கடைசியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

கைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரை நான் எந்த ஓட்டலிலும் பார்த்ததில்லை. தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். மூடி உடையவில்லை. வேர்க்கடலையில் ஒன்று குறையவில்லை. அப்போதுதான் காலையில் திலகாவின் அப்பா சொன்னது சரியான பொருளோடு என் காதுக்குள் வந்து விழுந்தது.

உங்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்ததுதான். ஹைதராபாத்திலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில், பெண் பார்க்கப் போனால், முடிவு சொல்வதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். பெண் வீட்டில் கை நனைத்துச் சாப்பிட்டால் சம்பந்தம் உறுதியாகிவிட்டது என்று பொருள். சில வீடுகளில் காபியும் பலகாரமும் செல்லும், சாப்பாடுதான் கூடாது. சரோஜம்மா வீட்டில் தண்ணீர்கூடக் கிடையாது. என் கல்யாணம் பெங்களூரில் ரிஜிஸ்தர் ஆபீஸில் நடந்தது. எனக்காக யாரும் கை நனைக்காமல் இருக்க வேண்டி வரவில்லை. அதனால்தானோ என்னவோ, நகரிப் பக்கத்தில் பிறந்தும் அது என் நினைவில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது.

ஆகவே நான் செய்துகொண்டிருந்தது இதுதான். எங்கள் பெண்ணை எடுத்துக்கொள்கிறீர்களா என்று வெளிர் நிறத்தில் கேட்டேன். பதில் வரவில்லை. மஞ்சளில் கேட்டேன், சிவப்பில் கேட்டேன், கறுப்பில் கேட்டேன், மோர் பீரில் கேட்டேன், போதாததற்குப் பெரிய கிளாஸில் கேட்டேன். அதுவும் பெண் தன் கையால் செய்ததை எடுத்து வைத்து. கண்ணாடிக்குப் பின்னால் அவள், எடுத்துவிடுங்கள், எடுத்துவிடுங்கள் என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

சிரிப்பை அடக்குவதா, ஓடி ஒளிவதா என்று தெரியாமல் நின்றேன். அந்த நேரம் பார்த்து முனிரத்தினம் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, யோசிச்சுப் பாத்தா பொண்ணு நல்ல பொண்ணாட்டம்தான் தெரியுது."

"நீதானடா வேணாம்ன?"

"வேணாம்னு எங்க சொன்னேன்? பாக்கலாம்னேன். பாத்தாச்சே. வெயில்ல வந்துட்டு அவுங்கள இம்மா நேரம் காக்க வெக்குறது மரியாத இல்லக்கா."

"யாருடா வெயில்ல கீறா? ஏசிலதான குந்தினு கீற?"

கிளாஸில் இன்னொரு துளி வழிந்தது. முனிரத்தினம் அதைக் கண்ணால் கீழே கொண்டுபோனார்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். அந்தக் கிளாஸை அங்கேயே விட்டுவைத்தால் போதும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம். ஒரு சொட்டு புதிதாக ஊற்றி நுரையை எழுப்பிவிட்டால், வேலையை விடச் சொன்ன மாமனே இந்தக் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிடுவார். நம் தொழிலில் பாதி இதுதான். தாகத்தோடு இருப்பவர் முன்னால் குளிர்ந்த கிளாஸை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பது. திலகா இருப்பாள், தொட்டிகள் இருக்கும், கரும்பலகையில் பெயர்கள் இருக்கும். கை தானாகக் குழாயை நோக்கிப் போனதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நாக்கு வறண்டவர் சொல்லும் சரி, நாக்கு நனைந்ததும் ஆவியாகிவிடும். பார்ட்டியில் நண்பர்கள் வற்புறுத்தி ஊற்றிக்கொடுத்த பீரைக் குடித்தவர் மறுபடி நம் வாசலை மிதிப்பதில்லை. ஒருவருக்கு முதல் கிளாஸை நீட்டும்போது, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடம் விட்டு நீட்ட வேண்டும். நான் ஒரு தட்டைக் கொண்டுவந்து, எல்லாக் கிளாஸையும் எடுத்து அடுக்க ஆரம்பித்தேன். வேர்க்கடலை, பக்கோடா, தண்ணீர் பாட்டில்கூட. முனிரத்தினத்தின் கிளாஸை எடுத்தபோது அவர் கண் அதோடு எழுந்து வந்தது.

"ஏண்ணா எடுத்துக்கினு போற?" என்றார் சரோஜம்மா.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. நீங்க பொண்ணு பாக்க வந்திருக்கீங்க. முடிவு சொல்றதுக்கு முன்னாடி இதெல்லாம் உங்க முன்னாடி இருக்கக் கூடாது. எனக்குப் புரிய நேரமாயிடுச்சு."

அவர் என்னையே பார்த்தார். அதுவரை வாடிக்கையாளரைப்போலப் பார்த்திருந்தார். இப்போது சம்பந்தி வீட்டாரைப் பார்ப்பதைப்போலப் பார்த்தார். "சரி. அந்தக் கண்ணாடிக்கு அந்தாண்ட இன்னா நடக்குதுன்னு காட்டு" என்று எழுந்தார்.

உள்ளே திலகா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, பூட்ஸோடு நின்று கும்பிட்டாள். பெண் பார்க்கும் நாளில் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்ற பெண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் அன்று ஒரு தொட்டி கழுவியாக வேண்டும். அது பெண் பார்க்கிறார்களே என்று காத்திருக்காது. சரோஜம்மா தொட்டிகளைச் சுற்றி வந்தார். நாள் முழுக்க என்ன வேலை என்று கேட்டார். பெரும்பாலும் கழுவுகிற வேலைதான் என்றாள் திலகா. காய்ச்சுவது கொஞ்சம், கழுவுவது நிறைய. ஒரு சின்ன அழுக்கு தங்கினால் மொத்தத் தொட்டியும் கெட்டுவிடும். சரோஜம்மா ஒரு குழாயின் அடிப்பக்கம், யாரும் பார்க்காத இடத்தில், விரலை விட்டுத் தடவி விரலைப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

திலகா ஒரு மூட்டையைப் பிரித்து மால்ட்டைக் காட்டினாள். முளைகட்டி வறுத்த பார்லி. இதிலிருந்துதான் எல்லாமே தொடங்குகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தாள். நறநறவென்று ஒரு சத்தம். எல்லாரும் திரும்பினோம். முனிரத்தினத்தின் வாய் நிறைய மால்ட். கன்னம் உப்பியிருந்தது. கையில் இன்னொரு பிடி.

"டேய்" என்றார் சரோஜம்மா.

முனிரத்தினம் மென்றதை விழுங்கினார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அக்காவுக்குக் காட்டினார். "காஞ்ச சாமான்க்கா. கை நனையல. நீயே பாரு."

முதலில் சிரித்தது திலகாதான். பெண் பார்க்கும் நேரத்தில் சிரிக்கக் கூடாது என்று பூட்ஸைப் பார்த்தாள், தோள்கள் குலுங்கின. பிறகு நான். பிறகு, கடைசியாக, சரோஜம்மா. சுவரைப் பிடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். முனிரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் உண்மையிலேயே பசியாக இருந்தார்.

சிரிப்பு ஓய்ந்ததும் சரோஜம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திலகாவின் பக்கம் திரும்பினார். நான் வெளியே போவதா என்று யோசித்தேன். கால் நகரவில்லை.

"நேராவே கேக்குறேன் பாப்பா. கல்யாணத்துக்கப்புறம் இந்த வேலைய வுட்டுடுன்னு சொன்னா, வுட்டுடுவியா?"

திலகா துடைத்த கையை மறுபடியும் துடைத்தாள்.

"வுட மாட்டேன் அத்த."

நான் அப்போது பார்த்தது முனிரத்தினத்தை. அவர் முகம் விழுந்துவிட்டது. இத்தனை நாளும் அவர் கேட்டுக்கொண்டிருந்த பதில் இதற்கு நேரெதிர். ஆனால் இப்போது அவர் முகம் விழுந்தது அதற்காக இல்லை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சரோஜம்மா தொட்டியின்மேல் கையை வைத்தார். "என்னயும் மாம்பழ ஃபேக்டரிக்குப் போவாதன்னாங்க. எங்க மாமியா ரெண்டு மாசம் எங்கிட்டப் பேசல. நான் போனேன். அந்தச் சம்பளத்துலதான் உன் பிரபு படிச்சான்." தம்பியைப் பார்த்தார். "இவனும்தான் படிச்சான். இன்னா படிச்சானோ."

அப்புறம் திலகாவிடம், "அந்த அண்ணன் எனக்குப் பொருத்தமானது எதுன்னு ரொம்ப நேரமா தேடிக்கினு கீறாரு. எனக்குப் பொருத்தம் கெடக்கட்டும். நீ செஞ்சதுலயே உனக்கு எது ரொம்பப் புடிக்குமோ, அதக் கொண்டா" என்றார்.

திலகா எதை எடுப்பாள் என்று எனக்குத் தெரியும். வேண்டாம், வேண்டாம் என்று இப்போது நான் கையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய்க் கசப்பு பீரை ஊற்றினாள்; ஹாப்ஸ் பூவை அள்ளி அள்ளிப் போட்டுச் செய்வது; பழகியவர்களே முதல் வாயில் ஒரு கண்ணை மூடிக்கொள்வது. புதிதாகக் குடிப்பவருக்கு இதைக் கொடுப்பவரை நான் வேலையிலிருந்தே அனுப்பியிருப்பேன். கிளாஸைத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

சரோஜம்மா வாங்கிக்கொண்டார். குளிர்ந்த கிளாஸ் அவர் விரல்களை நனைத்தது. ஒரு வாய் குடித்தார்.

முகத்தில் இருந்த கோடுகள் எல்லாம் மூக்கை நோக்கி ஓடி ஒன்றுகூடின. "இன்னாக்கா?" என்றார் முனிரத்தினம் பதறி. அக்கா ஒரு விரலை உயர்த்தினார், பொறு என்று. மறுபடி குடித்தார். நடுவில் ஒருமுறை நிறுத்தி, கண்ணை இறுக்கி மூடித் திறந்து, மிச்சத்தையும் குடித்தார். அடியில் ஒரு சொட்டு இல்லை. காலிக் கிளாஸைத் திலகாவின் கையில் கொடுத்தார்.

"வேப்பங்கொழுந்த அரச்சுக் குடிச்சாப்புல கீது. இதையா ஜனங்க கேட்டு வாங்கிக் குடிக்கிறாங்க?"

"ரொம்பப் பேரு இதான் கேப்பாங்க அத்த."

"அவுங்க நாக்கு கெட்டுப்போய் கீது. உங்க நைனாவுக்கு ஃபோன் போடு. கை நனைச்சிட்டோம்னு சொல்லு."

திலகா போனை எடுத்தாள், சந்தோஷத்தில் நம்பரைப் போடத் தெரியவில்லை, என்னிடம் நீட்டினாள். எனக்கும் ஒருமுறை தப்பி, மறுமுறைதான் வந்தது. முனிரத்தினம் எங்கே என்று பார்த்தால் குழாய் வரிசைக்கு முன்னால் நிற்கிறார், இரண்டு கையிலும் கிளாஸ். இதுவரை யாரும் அவருக்கு எதையும் பரிந்துரைக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

பாகற்காய்க்கு வெல்லம் போடுவதில்லை என்று சரோஜம்மா சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நேராகக் கசப்பு பீருக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று கொஞ்ச நேரம் முன்பு உங்களிடம் எவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னேன் பாருங்கள். அந்த விதியையும் இனி பார்த்துப் பயன்படுத்துங்கள். ஒரு கிளாஸ் முழுவதையும் பிடிக்காமல் குடித்துவிட்டு, அவ்வளவு சந்தோஷமாக நின்ற இன்னொருவரை என் பணிக்காலத்தில் நான் சந்திக்கவில்லை.

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, நகரியில் மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சரோஜம்மா தலைப்பால் வாயைத் துடைத்தார், நாக்கை இரண்டு முறை சப்புக்கொட்டிப் பார்த்தார், பிறகு என் தோளைத் தட்டினார்.

"இன்னாண்ணா நின்னுக்கினு கீற? அந்த மோர் மாதிரி கீதுன்னியே. கைதான் நனஞ்சிபோச்சே. அதயும் கொண்டா."

கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று சொன்னால் அது சரியாக இருக்காது. ஓடினேன்.